உயிரைத் தொழிலாக்கியவர்கள் – 9: பதினான்கு மணிக் கோவை

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, வளைகுடாவை ஒட்டிய ஜெனென்டெக் வளாகத்தில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. குதிரையும் இல்லை, உயர்த்திய வாளும் இல்லை. இரண்டு பேர் ஒரு மேசையின் முன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் ராபர்ட் ஸ்வான்சன், மற்றவர் ஹெர்பர்ட் பாயர். 1976 ஜனவரியில் ஒரு நாள் மாலை இவர்கள் பீர் குடித்தபடி பேசிய பேச்சில்தான் உயிரித் தொழில்நுட்பம் என்ற தொழிலே பிறந்தது என்பது சிலை சொல்லும் செய்தி. வணிகக் கல்லூரிகளில் சொல்லித்தரும் கதையும் இதுதான். கதையில் பொய்யில்லை. சந்திப்பு நடந்தது, பீரும் குடித்தார்கள். ஆனால் ஒரு நிகழ்ச்சி நடந்தது என்பது வேறு, அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது வேறு. ஜெனென்டெக்கைத் தொடங்கியவர்கள் இருவர். அதை நிற்க வைத்தது ஒரு வழி. மரபணுவை உடலிலிருந்து பிரித்தெடுக்காமல், வேதியியல் முறையில் துண்டு துண்டாகக் கோத்து உண்டாக்கும் வழி. அந்த மாலை அந்த மேசைமேல் அது இல்லை. அது எங்கிருந்து வந்தது, அதைக் கண்டு வாங்கியவர்களின் திறமை எத்தகையது, கொடுத்தவர்களின் கணக்கு எப்படித் தீர்ந்தது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

முதலில் மேசையின் இந்தப் பக்கம். ஸ்வான்சனுக்கு அப்போது 28 வயது. எம்.ஐ.டி.யில் வேதியியலும் நிர்வாகமும் படித்தவர். சிட்டி பேங்கின் துணிகர முதலீட்டுப் பிரிவில் வேலை பார்த்து, பிறகு க்ளைனர் அண்ட் பெர்கின்ஸ் என்ற சிறிய முதலீட்டு நிறுவனத்துக்கு மாறினார். 1975 முடியும் நேரத்தில் அந்த வேலை போய்விட்டது. வேலையில்லாதோருக்கான உதவித்தொகையில் காலம் தள்ளிக்கொண்டு, மறுசேர்க்கை டி.என்.ஏ. ஆய்வில் பெயர் பெற்றவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார். இதை இப்போதே தொழிலாக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இந்த ஆய்வின் பாதுகாப்பு பற்றிப் பேசிய, சென்ற இதழில் பார்த்த அசிலோமர் மாநாடு முடிந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். பெரும்பாலோர் இன்னும் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும் என்றார்கள். பாயர் மட்டும் பத்து நிமிடம் தருகிறேன், வாருங்கள் என்றார். பத்து நிமிடம் மூன்று மணி நேரமானது. ஆளுக்கு 500 டாலர் போட்டார்கள். 1976 ஏப்ரல் 7 அன்று நிறுவனம் பதிவானது. இருவர் பெயரையும் ஒட்டி ‘ஹெர்பாப்’ என்று வைக்கலாம் என்பது ஸ்வான்சனின் யோசனை. நல்லவேளையாக பாயர் சம்மதிக்கவில்லை. மரபணுப் பொறியியல் தொழில்நுட்பம் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி அவர் சொன்ன பெயர்தான் நிலைத்தது.

மேசையின் மறுபக்கம் பாயர் கொண்டுவந்தது ஒரு கருவி. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவர் கையாண்டுகொண்டிருந்த ‘எகோ ஆர் ஒன்’ என்ற நொதி, டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டி, வெட்டிய முனைகளை ஒட்டும் தன்மையோடு விட்டுவைக்கும். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஸ்டான்லி கோஹனிடம் பாக்டீரியாவுக்குள் தானே பெருகும் வட்ட வடிவ டி.என்.ஏ.வான பிளாஸ்மிட் இருந்தது. 1972 நவம்பரில் ஹோனலுலு மாநாட்டில் இருவரும் சந்தித்து, கத்தரியையும் வண்டியையும் சேர்த்துப் பார்க்க முடிவெடுத்தார்கள். 1973இல் அது வேலை செய்தது. 1974இல் தவளையின் மரபணுத் துண்டு ஒன்றும் பாக்டீரியாவுக்குள் பெருகிக் காட்டியது. அதே ஆண்டு நவம்பரில் இரு பல்கலைக்கழகங்களின் சார்பில் காப்புரிமைக்கு விண்ணப்பமும் போய்விட்டது. இதைக் கவனிக்க வேண்டும். ஜெனென்டெக் பிறக்கும்போதே அதன் அடிப்படைக் கருவி வேறொருவர் பெயரில் பதிவாகிக்கொண்டிருந்தது. ஸ்வான்சன் அதற்குத் தனியுரிமை கேட்டார்; கிடைக்கவில்லை. பின்னர் அந்தக் காப்புரிமைக்கு நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் பணம் கட்டின; 1997இல் காலாவதியாகும்வரை பல்கலைக்கழகங்களுக்கு ஏறத்தாழ 25.5 கோடி டாலர் வந்தது. ஆக, கருவி எல்லோருக்கும் பொது. கருவி கையில் இருந்ததால் ஜெனென்டெக் வென்றது என்று சொன்னால், அதே கருவி வைத்திருந்த மற்றவர்கள் ஏன் பின்தங்கினார்கள் என்பதற்குப் பதில் கிடைக்காது.

கத்தரி இருந்தது, வண்டியும் இருந்தது. வண்டியில் ஏற்றச் சரக்கு வேண்டுமே. மனித ஹார்மோன் ஒன்றின் மரபணுவை எங்கிருந்து பெறுவது? அன்றைய பெரிய ஆய்வுக்கூடங்கள் எல்லாம் உடலிலிருந்து எடுப்பதையே நினைத்தன. கணையத்துச் செல்களில் உள்ள தூது ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதிலிருந்து டி.என்.ஏ. நகலை உண்டாக்குவது அந்த முறை. ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும், பாயரின் பல்கலைக்கழகத்திலேயே வில்லியம் ரட்டர், ஹோவர்ட் குட்மன் ஆகியோரின் குழுக்களும் அந்த வழியில் போனார்கள். மற்றொரு வழியும் இருந்தது. புரதத்தின் அமினோ அமில வரிசை தெரிந்தால், அதற்குரிய டி.என்.ஏ. எழுத்துகளைத் தாளில் எழுதி, வேதிப்பொருள்களைக் கொண்டே கோத்துவிடலாம். இதன் மூலவர் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. 1970இல் முதல் செயற்கை மரபணுவை முழுதாகக் கோத்து முடித்தவர் அவர். அவர் குழுவில் பணியாற்றிய சரண் நாரங் கனடாவின் ஒட்டாவாவுக்குப் போய் அந்த வேதியியலை விரைவுபடுத்தினார். நாரங்கிடம் பணியாற்றிய ஜப்பானியர் கெய்ச்சி இட்டகுரா அதை லாஸ் ஏஞ்சலஸ் அருகே டுவார்ட்டே என்ற ஊரிலுள்ள ‘சிட்டி ஆஃப் ஹோப்’ மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே அவருக்குத் துணை ஆர்தர் ரிக்ஸ். செயற்கையாகக் கோத்த ஒரு சிறு டி.என்.ஏ. துண்டைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அது இயற்கையானதைப் போலவே செயல்படுகிறது என்று காட்டும் கட்டுரை 1976இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஆசிரியர் பட்டியலில் ரிக்ஸ், இட்டகுரா, நாரங், பாயர் எல்லோரும் இருக்கிறார்கள். நிறுவனத்தின் உண்மையான மூலதனம் இந்தப் பட்டியல்தான் என்பது என் கணிப்பு. மேசைக்கும் ஆயிரம் டாலருக்கும் முன்பே திரண்டிருந்த கூட்டணி அது.

ஸ்வான்சனுக்கு வேண்டியது இன்சுலின். சந்தை தயாராக இருக்கிறது, நோயாளிகள் ஆண்டுதோறும் பெருகுகிறார்கள், மருந்து பன்றியிலிருந்தும் மாட்டிலிருந்தும் வருகிறது. ஒரு பவுண்டு இன்சுலினுக்கு ஏறத்தாழ 8,000 பவுண்டு கணையம் வேண்டும் என்று கணக்கு. எந்த நிர்வாகியும் அதைத்தான் கேட்பார். பாயர் டுவார்ட்டேயை அழைத்து இன்சுலின் மரபணுவைக் கோத்துத் தர முடியுமா என்று கேட்டபோது, ரிக்ஸ் முதலில் சொமட்டோஸ்டாட்டின் என்ற சிறிய ஹார்மோனைச் செய்வோம் என்றார். அவரும் இட்டகுராவும் ஏற்கெனவே அதற்காகத் திட்டம் தீட்டி, அரசின் தேசியச் சுகாதார நிறுவனத்திடம் மானியம் கேட்டிருந்தார்கள், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ரிக்ஸின் வாதம் எளிமையானது. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள், அவையும் இரண்டு சங்கிலிகளாக. சொமட்டோஸ்டாட்டினில் வெறும் 14, ஒரே சங்கிலி. பாக்டீரியா மனித ஹார்மோனைச் செய்யுமா செய்யாதா என்பதே தெரியாத நிலையில், பெரியதைத் தொட்டுத் தோற்றால் எதனால் தோற்றோம் என்றுகூடத் தெரியாது. விற்க முடியாத பொருளில் பணத்தைக் கொட்ட ஸ்வான்சனுக்கு மனமில்லை, ஆனாலும் இறங்கிவந்தார். அவருடைய நிர்வாக வாழ்வில் மிகச் சிறந்த முடிவு இது என்பேன். அவர் தானாகக் கண்டது இல்லை என்பதால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. தனக்குத் தெரியாத இடத்தில் தெரிந்தவர் சொல்வதைக் கேட்பதும் ஒரு தொழில் திறமைதான்.

அந்த 14 மணிகளைக் கோத்த கதையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இட்டகுராவும் அவருடைய குழுவினர் ததாக்கி ஹிரோசே, ராபர்ட்டோ க்ரேயா ஆகியோரும் டி.என்.ஏ. துண்டுகளைச் செய்தார்கள். பாயரின் கூடத்தில் ஹெர்பர்ட் ஹெய்னெக்கரும் ஃபிரான்சிஸ்கோ பொலிவாரும் அவற்றைப் பிளாஸ்மிட்டில் பொருத்தி இ.கோலை பாக்டீரியாவுக்குள் அனுப்பினார்கள். ஹார்மோன் விளைந்திருக்கிறதா என்று சோதிப்பது டுவார்ட்டேயில் ரிக்ஸின் வேலை. 1977 ஜூனில் முதல் சோதனை. ஒன்றுமே இல்லை. ஸ்வான்சனுக்கு வயிற்றைப் பிசைந்து, மறுநாள் மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆனது. காரணத்தை விஞ்ஞானிகள் விரைவில் ஊகித்தார்கள். பாக்டீரியா தனக்குப் புறம்பான சிறு புரதத்தைக் கண்டதும் நொதிகளால் கரைத்துவிடுகிறது. ஆகவே அதை மறைத்துவைக்க வேண்டும். பாக்டீரியா தனக்காகவே செய்துகொள்ளும் பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற புரதம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய உருவம். அதன் வால்முனையில் இந்தப் பதினான்கையும் ஒட்டவைத்தார்கள், யானையின் வாலில் மணி கட்டியதுபோல. பிறகு பிரித்தெடுப்பது எப்படி? இரண்டுக்கும் நடுவில் மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்தை வைத்தார்கள். சயனோஜன் புரோமைடு என்ற வேதிப்பொருள் மெத்தியோனைன் உள்ள இடத்தில் மட்டும் வெட்டும். சொமட்டோஸ்டாட்டினுக்குள் மெத்தியோனைன் கிடையாது. எனவே பெரிய புரதம் துண்டுதுண்டாகும், ஹார்மோனுக்குச் சேதமிருக்காது. 1977 ஆகஸ்டில் ரிக்ஸின் கருவியில் எண்கள் ஏறின. மனித உடலில் உள்ள ஒரு ஹார்மோனைப் பாக்டீரியா முதன்முறையாகச் செய்து கொடுத்தது. அப்போது ஜெனென்டெக்குக்குச் சொந்தமாக ஒரு சோதனைக்குழாய்கூட இல்லை.

இந்த வெறுங்கைதான் டாம் பெர்கின்ஸின் பங்களிப்பு. ஸ்வான்சனை வேலையிலிருந்து அனுப்பிய அதே முதலீட்டு நிறுவனத்தின் கூட்டாளி அவர். 1976இல் ஒரு லட்சம் டாலர் போட்டு நிறுவனத்தின் தலைவரானார். ஸ்வான்சன் முதலில் கொண்டுவந்தது கட்டடம், கருவிகள், ஆட்கள் என்று விரிந்த ஒரு திட்டம். பெர்கின்ஸ் அதை மறுத்துவிட்டார். எதையும் கட்ட வேண்டாம், யாரையும் வேலைக்கு வைக்க வேண்டாம். ஏற்கெனவே கூடம் வைத்திருப்பவர்களோடு ஒப்பந்தம் போடுங்கள், இந்த ஒரே ஒரு சந்தேகம் தீர்ந்தபின் மேற்கொண்டு பணம் கேளுங்கள் என்றார். அறிவியல் தோற்றால் நட்டம் சிறியது. வென்றால் அடுத்த பங்குகளை உயர்ந்த விலைக்கு விற்கலாம். முதலீட்டாளரின் தந்திரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. எந்தக் கேள்விக்கு முதலில் விடை வேண்டும் என்பதில் அவரும் ரிக்ஸும் ஒருவரை ஒருவர் அறியாமலேயே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் ஆய்வின் பக்கமிருந்து, மற்றவர் பணத்தின் பக்கமிருந்து. இந்த இரண்டு நோக்கும் பொருந்திய இடம்தான் நிறுவனம் உண்மையில் பிறந்த இடம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அறிவியல் எப்படியும் நடந்திருக்கும், நிர்வாகிகள் வெறும் பணப்பை என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்கு விடை பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. வளைகுடாவின் மறுகரையில் பெர்க்லியில் 1971 முதல் சீட்டஸ் என்ற நிறுவனம் இருந்தது. இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற டொனால்ட் க்ளேசர் அதன் நிறுவனர்களில் ஒருவர். பணம் இருந்தது. ஸ்டான்லி கோஹனே பின்னர் அவர்களுக்கு ஆலோசகரானார். முதலீட்டு நிறுவனத்தில் இருந்த நாட்களில் ஸ்வான்சன் அவர்களிடமும் மறுசேர்க்கை டி.என்.ஏ.வில் இறங்கச் சொல்லிப் பார்த்தார். அவசரம் எதுவுமில்லை என்றே அவர்கள் இருந்தார்கள். பெயர், பணம், கருவி மூன்றும் இருந்த இடத்தில் ஒரு குறிப்பிட்ட பொருளை ஒரு குறிப்பிட்ட வழியில் செய்து காட்டுவோம் என்ற தீர்மானம் மட்டும் இல்லை. மறுபுறம், ரிக்ஸும் இட்டகுராவும் திட்டத்தை வைத்துக்கொண்டு மானியக் கதவைத் தட்டி வெறுங்கையோடு திரும்பியவர்கள். ஆகவே ‘எப்படியும் நடந்திருக்கும்’ என்பதில், நடந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். 1977இல் நடந்திருக்கும் என்பதை ஒப்ப முடியாது. ஆனால் இந்த வாதத்தைத் திருப்பிப் போட்டாலும் அதே உண்மை நிற்கிறது. டுவார்ட்டேயின் வழி இல்லாவிட்டால் ஸ்வான்சனின் அவசரம் இன்னொரு சீட்டஸைத்தான் உண்டாக்கியிருக்கும்.

சொமட்டோஸ்டாட்டினால் வணிகத்தில் நேரடி லாபம் பெரிதாக வந்ததில்லை, அரசியலில் வந்தது. 1977 நவம்பர் 2 அன்று அமெரிக்க செனட் குழு ஒன்றின் முன், தேசிய அறிவியல் அகாதெமியின் தலைவர் ஃபிலிப் ஹேண்ட்லர் இதை முதல் தரமான அறிவியல் வெற்றி என்று அறிவித்தார். ஆராய்ச்சிக் கட்டுரை ‘சயின்ஸ்’ இதழில் வந்தது டிசம்பரில்தான். அதற்கு முன்பே செய்தி சபையேறிவிட்டது. ஐந்து மில்லிகிராம் சொமட்டோஸ்டாட்டினுக்காக முன்பு ஏறத்தாழ ஐந்து லட்சம் ஆட்டு மூளைகள் தேவைப்பட்டன, இப்போது சில லிட்டர் பாக்டீரியா போதும் என்ற ஒப்பீடு எல்லோர் வாயிலும் புகுந்தது. மறுசேர்க்கை ஆய்வைக் கடுமையான சட்டத்தால் கட்ட வேண்டும் என்று அப்போது பல மசோதாக்கள் நின்றன. அதன்பின் அவற்றின் வேகம் தணிந்தது. அறிஞர் குழுவின் சரிபார்ப்புக்கு முன்பே ஆராய்ச்சி முடிவை மேடையில் அறிவிக்கும் பழக்கத்தைப் பலர் அன்றே கண்டித்தார்கள். கண்டனம் நியாயமானது. இந்தத் தொழிலுக்கு அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை.

அடுத்தது இன்சுலின் ஓட்டப்பந்தயம். 1976 ஜூனில் வந்த அரசு விதிகள், மனித மரபணுவை உடலிலிருந்து எடுத்துப் பாக்டீரியாவில் வைக்க மிக உயர்ந்த பாதுகாப்புள்ள கூடம் வேண்டும் என்றன. கேம்பிரிட்ஜ் நகர மன்றம் தன் பங்குக்கு ஹார்வர்டின் ஆய்வைச் சில மாதம் நிறுத்தியே வைத்தது. 1978இல் கில்பர்ட்டின் குழு இங்கிலாந்தின் போர்ட்டன் டவுனில், ஒரு காலத்தில் கிருமிப் போர் ஆய்வு நடந்த கூடத்துக்குப் போய், உடை மாற்றி, குளித்து, முகமூடி போட்டு உழைத்தது. கடைசியில் கிடைத்தது மனித இன்சுலின் மரபணு இல்லை. தாங்கள் முன்பு கையாண்ட எலியின் மரபணுவே மாதிரியில் கலந்திருந்தது. பாயரின் பல்கலைக்கழகத்தில் அங்கீகாரம் முழுதாக வருமுன்பே ஒரு பிளாஸ்மிட்டைப் பயன்படுத்திய குற்றச்சாட்டில் ரட்டர்–குட்மன் குழு சிக்கிக்கொண்டது. ஜெனென்டெக்குக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. சீசாவிலிருந்து எடுத்த வேதிப்பொருளில் கோத்த மரபணு மனித உடலிலிருந்து எடுத்தது ஆகாதே. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்த டென்னிஸ் க்ளீடும் டேவிட் கோடலும் தென் சான் பிரான்சிஸ்கோவில் விமானச் சரக்குக் கிடங்கு ஒன்றில் அமைந்த புதிய கூடத்தில் இரவு பகலாக உழைத்தார்கள். க்ரேயாவும் கூட்டாளிகளும் டுவார்ட்டேயில் கோத்துக் கொடுத்த 29 துண்டுகளை இணைத்து, இரண்டு சங்கிலிகளையும் தனித்தனிப் பாக்டீரியாக்களில் விளைவித்து, 1978 ஆகஸ்டில் அவற்றை இன்சுலினாகச் சேர்த்தார் கோடல். ஆகஸ்ட் 25 அன்று எலை லில்லி மருந்து நிறுவனத்தோடு ஒப்பந்தம். செப்டம்பர் 6 அன்று அறிவிப்பு.

அப்படியானால் இது விதிகள் தந்த அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். பாதி அப்படித்தான். விதி வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தால் ஹார்வர்ட் முந்தியிருக்கக்கூடும். ஆனால் ரிக்ஸும் இட்டகுராவும் அந்த வழியை எடுத்தது விதிக்குப் பயந்து இல்லை. விதி வெளிவருமுன்பே மானியம் கேட்டுவிட்டார்கள். வழியின் வேறு நன்மைகளும் உண்டு: தாளில் எழுதிய வரிசை அப்படியே கிடைக்கும், பாக்டீரியாவுக்கு வசதியான எழுத்துகளைத் தேர்ந்துகொள்ளலாம், வெட்டும் இடத்தை நாமே வைக்கலாம். எலி மரபணு கலந்துவிடும் அபாயமும் இல்லை. கூடவே இந்த வழிக்கு எல்லையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 191 அமினோ அமிலங்கள் கொண்ட வளர்ச்சி ஹார்மோனை முழுதும் கோப்பது அன்றைய வேதியியலுக்கு இயலாது. அதற்கு, கோத்த ஒரு சிறு பகுதியை உடலிலிருந்து எடுத்த நகலோடு ஒட்டினார்கள். இன்சுலினின் இரு சங்கிலிகளைத் தனித்தனியே செய்து இணைக்கும் முறையையும் லில்லி பின்னாளில் விட்டுவிட்டு, புரோஇன்சுலின் என்ற ஒற்றைச் சங்கிலி முறைக்கு மாறியது. 1982 அக்டோபரில் ஹியூமுலின் என்ற பெயரில் இந்த இன்சுலின் சந்தைக்கு அனுமதி பெற்றதில் இர்விங் ஜான்சன் தலைமையிலான லில்லி ஆய்வாளர்களின் உழைப்பு மிகுதி. ஆய்வுக்கூடத்துச் சொட்டை ஆலையின் தொட்டியாக்கியவர்கள் அவர்கள். ஆக, இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் இன்சுலினுக்கு டுவார்ட்டே வழி ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஜெனென்டெக் என்ற நிறுவனம் உயிர்பிழைத்ததற்கு அதுவே காரணம் என்கிறேன்.

இனி கணக்கு. 1980 அக்டோபர் 14 அன்று ஜெனென்டெக்கின் பத்து லட்சம் பங்குகள் தலா 35 டாலருக்குச் சந்தைக்கு வந்தன. ஒரு மணி நேரத்துக்குள் விலை 88 டாலரைத் தொட்டது. மாலையில் 71இல் நின்றது. விற்க ஒரு மருந்துகூட இல்லாத நிறுவனம். நான்கு மாதம் முன்பு, ஜூனில், ஆனந்த மோகன் சக்ரவர்த்தி வழக்கில் உயிருள்ள பாக்டீரியாவுக்கும் காப்புரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் சொல்லியிருந்தது. வாங்கியவர்களின் உற்சாகத்துக்கு அதுவும் ஒரு காரணம். 500 டாலர் போட்ட இருவரின் பங்கும் அன்று தலா ஆறு கோடி டாலருக்கு மேல். சிட்டி ஆஃப் ஹோப் போட்டிருந்த ஒப்பந்தத்தில் இருந்தது, தங்கள் டி.என்.ஏ.வால் செய்யும் பொருள்களின் விற்பனையில் 2 சதவீத ராயல்டி. ஆபத்தை ஏற்றவர்களுக்குத்தானே ஆதாயம் என்பது இதற்கு வழக்கமான பதில். ஸ்வான்சன் அளவில் அது சரி. அவருக்குத் திரும்பிப் போக வேலை கிடையாது. ஆனால் பாயர் பல்கலைக்கழகப் பதவியை விடவில்லை. அவர் கூடத்தின் ஒரு பகுதியில் நிறுவனத்தின் வேலை நடந்தது, சக பேராசிரியர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். கருவியை உண்டாக்கிய ஆய்வுக்குப் பல ஆண்டுகள் பணம் கொடுத்தது வரிப்பணம். பல்கலைக்கழகமும் வரி கட்டியவர்களும் ஏற்ற ஆபத்து எந்தப் பங்குப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை. ஒன்றை மட்டும் பாயருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். நிறுவனத்து விஞ்ஞானிகள் காப்புரிமை விண்ணப்பம் போனதும் தாராளமாகக் கட்டுரை வெளியிடலாம் என்று தொடக்கத்திலேயே வலியுறுத்தியவர் அவர். கோடல் போன்றவர்கள் பல்கலைக்கழக வாழ்வை விட்டு ஒரு சரக்குக் கிடங்குக்கு வந்ததற்கு அது பெரிய காரணம்.

எழுதப்படாத கணக்குகள் இருபது ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் எழுதப்பட்டன. வளர்ச்சி ஹார்மோன் ஆய்வில் இருந்த பீட்டர் சீபர்க் பல்கலைக்கழகத்திலிருந்து ஜெனென்டெக்குக்கு மாறியவர். 1978ஆம் ஆண்டின் கடைசி இரவில் பழைய கூடத்துக்குப் போய் மாதிரிகளை எடுத்துவந்ததையும், நிறுவனத்தில் அவை பயன்பட்டதாகவும் அவரே பின்னர் சாட்சி சொன்னார். கோடல் அதை மறுத்தார். தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே 1999 நவம்பரில் ஜெனென்டெக் பல்கலைக்கழகத்துக்கு 20 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அதே ஆண்டில் சிட்டி ஆஃப் ஹோப்பும் வழக்குத் தொடுத்தது. ஜெனென்டெக் பிற நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்துச் சம்பாதித்ததிலும் தங்கள் 2 சதவீதம் உண்டு என்பது அதன் வாதம். 2002இல் நடுவர் குழு இழப்பீடாக 30 கோடி டாலரும் தண்டமாக 20 கோடியும் விதித்தது. 2008இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தண்டத்தை நீக்கியது. 30 கோடியை அப்படியே நிறுத்தியது. 1976இல் யாருக்கு என்ன பங்கு என்ற கேள்விக்கு, முப்பத்திரண்டு ஆண்டு கழித்து வந்த அதிகாரபூர்வமான விடை என்று இதைக் கொள்ளலாம்.

ஸ்வான்சன் 1999 டிசம்பரில் மூளைப் புற்றுநோயால் இறந்தார், வயது 52. ஜெனென்டெக் 2009இல் முழுதாக ரோஷ் மருந்து நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்காக ரோஷ் கொடுத்தது ஏறத்தாழ 4,680 கோடி டாலர். ரிக்ஸ் கடைசிவரை டுவார்ட்டேயிலேயே வேலை பார்த்தார். 2021இல் தன் மருத்துவமனைக்கே 10 கோடி டாலர் கொடுத்தார்; மறு ஆண்டு இறந்தார். அங்குள்ள நீரிழிவு ஆய்வு நிறுவனம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது.

அடுத்த இதழில்: போர்ட்டன் டவுனில் எலி மரபணுவோடு திரும்பிய வால்டர் கில்பர்ட், ஜெனீவாவில் பிறந்த பயோஜென்.

(தொடரும்)